இடப்பக்கத்துக் கை

புதுச் சட்டையின் கைகள் மட்டும் நனைந்திருந்தன.

ஆணியில் மாட்டியிருந்த பள்ளிக்கூடச் சட்டை. முந்தின நாள்தான் டைலரிடமிருந்து வந்தது. இன்னும் ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. காலரும் முதுகும் இஸ்திரி மடிப்பு கலையாமல் மொடமொடவென்று இருக்க, இரண்டு கைகள் மட்டும் முழங்கை வரை ஊறி, நுனியிலிருந்து சிமெண்டுத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தன. நண்டு கடித்ததும் கிளிஞ்சல் கிழித்ததுமாக மகளின் கைகளில் இருக்கும் தழும்புகள் பொன்னேரிப் பள்ளிக்கூடப் பெண்களின் கண்ணில் படக் கூடாதென்று மாலதிதான் முழுக்கை வைத்துத் தைக்கச் சொல்லியிருந்தாள். குனிந்து முகர்ந்தாள். குழாய்த் தண்ணீர் இல்லை. உப்பும் அழுகின பாசியும் கலந்த ஏரிச் சேற்று வாடை.

"சுபா! இன்னாடி பண்ணி வெச்சிக்கிற இத?"

சுபஸ்ரீ தரையில் உட்கார்ந்து பாடப் புத்தகங்களுக்குப் பழுப்புத்தாளில் அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் தொடவே இல்லம்மா."

முதலில் அடி, பிறகு விசாரணை என்பதுதான் மாலதியின் வழக்கம். ஓங்கிய கையை அன்று பாதியில் நிறுத்தினாள். மகளின் விரல்களில் பசை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. ஈரம் பட்ட கைகள் அல்ல அவை.

சட்டையைப் பிழிந்து வெளியே வெயிலில் போட்டாள். கத்திரி முடிந்தும் வெயிலின் கோபம் அடங்கவில்லை. அரை மணியில் எந்தத் துணியும் காய்ந்துவிடும். அந்தக் கைகள் சாயங்காலம் வரை காயவில்லை.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே வீடு சரியில்லை. குடத்துத் தண்ணீர் கரித்தது. சுபா படுக்கும் பாயைத் தூக்கினால் அடியில் தரை ஈரமாக இருந்தது. கணவன் சகாதேவனிடம் சொன்னாள். அவன் ஆரம்பாக்கத்தில் ஒரு குடோனுக்கு ராத்திரிக் காவல். சாயங்கால பஸ்ஸில் போய், காலையில் வந்து, பகலெல்லாம் தூங்கும் மனுஷன். "ஏரிக்கரைல வூட்டக் கட்டிக்கினு ஈரமாக்கீதுன்னா?" என்று எரிந்து விழுந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஞாயிறன்று நடந்ததை அவனிடம் சொல்ல மாலதிக்கு வாய் வரவில்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் கடைசித் தடவையாக அன்று மகளை ஏரிக்குக் கூட்டிப் போயிருந்தாள். சுபா வர மாட்டேனென்று அழுதாள். வழியில் ருக்கு சேர்ந்துகொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி, கூடவே இறால் பிடிப்பவள், நாக்கில் முள் வைத்திருப்பவள்.

"பொன்னேரிக்குப் படிக்கப் போற பொண்ணுக்கு சேறு ஆவலியா? நாளைக்கு நம்மளப் பாத்தா மூக்கப் பொத்திக்கும் பாரு."

"பொத்திக்கட்டும்க்கா. அதுக்குத்தான் அனுப்பறேன்."

இந்த ஏரி யாருக்கும் எதையும் சும்மா கொடுத்ததில்லை. வலை இல்லை, படகு இல்லை. கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நகர்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடிக்க வேண்டும். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியை, கை ஒழியாததால், பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். வாயில் பறி இருக்கும்போது பேச முடியாது. அதனால் தண்ணீருக்கு அடியில் பக்கத்துக் கையைத் தொட்டுத்தான் பேச்சு. விட்டு விட்டு இரண்டு அழுத்து அழுத்தினால், போதும், எழுந்து வா, வீட்டுக்குப் போகலாம் என்று பொருள். ஒரே நீளமாக அழுத்தினால், அப்படியே இரு, அசையாதே. நீள அழுத்தல் வந்துவிட்டால் கொக்கு தலையில் உட்கார்ந்தாலும் அசையக் கூடாது. அசைந்தால் சேறு கலங்கும், இறால் ஓடும், கரையேறியதும் கன்னத்தில் அறை விழும். சுபாவுக்கு அந்தப் பாடம் நன்றாகவே ஏறியிருந்தது.

ஞாயிறன்று பறி நிறைந்ததும் மாலதி, மகள் உட்கார்ந்திருந்த இடப்பக்கம் கையை நீட்டினாள். சேற்றுக்குள் சில்லென்ற சின்னக் கை ஒன்று தட்டுப்பட்டது. இரண்டு முறை அழுத்தினாள். அந்தக் கையும் இரண்டு முறை அழுத்தியது.

நிமிர்ந்து பார்த்தால், சுபா கரையில் நின்று பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

வலப்பக்கம் ருக்கு. இடப்பக்கம் வெறும் தண்ணீர். கையை உருவிக்கொண்டாள், அது லேசில் விடவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்ததில் பறி விழுந்து, பிடித்த இறாலெல்லாம் ஏரிக்கே போனது. நண்டாக இருக்கும், வேராக இருக்கும் என்று வீடு வரை தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். நண்டு திருப்பி அழுத்துமா?

சட்டைக்குப் பிறகு ஷூ. அட்டைப்பெட்டியைத் திறந்தால் இரண்டு ஷூவிலும் சேறு, நடுவில் கால்விரல் பதிந்த குழிகள். பிறகு ரிப்பன், முடிந்து வைத்திருந்ததை யாரோ ஈரத் தலையில் கட்டிப் பார்த்து அவிழ்த்ததுபோல் கசங்கி, வாடையடித்துக் கிடந்தது. மாலதிக்கு மெல்லத்தான் புரிந்தது. இந்த வீட்டில் பள்ளிக்கூடம் போக இன்னொன்றும் தயாராகிக்கொண்டிருக்கிறது.

பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், பொழுது சாய்கிற நேரத்தில், வெட்கத்தை விட்டு ருக்குவின் வாசலில் போய் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட ருக்கு உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை.

"வூட்டுக்கு வான்னு கூப்ட்டது நீ. அது வந்துட்ச்சி. எங்கிட்ட இன்னாத்துக்கு வந்த?"

"எப்டிக்கா அனுப்பறது? பச்சப் புள்ள கீது வூட்ல."

"கையால கூப்ட்டத கையாலதான் நிறுத்தணும். போய்க் குந்து. அங்கியே இருன்னு அழுத்திட்டு வா." கதவு பாதி மூடியது. "அதத் தொட்ட கை அது. என் கதவத் தொடாத."

வீட்டுக்கு ஓடி வந்து பறியை எடுத்தாள். சுவரில் இரண்டு ஆணிகள். ஒன்றில் அவளுடைய பறி, பக்கத்தில் சுபாவின் சின்னப் பறி. மகள் வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னத் தனியா வுடாதம்மா. நானும் வரேன். பாய்க்கு அடில இருந்து யாரோ கையப் புடிச்சி அழுத்தறாங்க."

மாலதி குனிந்து மகளின் கையைப் புரட்டிப் பார்த்தாள். "எத்தினி வாட்டி?"

"ரெண்டு வாட்டி."

பயம் எப்போதும் அவளிடம் கோபமாகத்தான் வெளியே வரும். ஓங்கி ஒரு அறை விட்டாள்.

"ஏரிப் பக்கம் கால வெச்ச, தோல உரிச்சிடுவேன். உனக்கும் அந்த சேத்துக்கும் இனிமே ஒண்ணும் கெடையாது. வெளக்கப் போட்டுக்கினு வாசல்ல குந்து."

இருட்டத் தொடங்கியிருந்தது. முகத்துவாரம் வழியாகக் கடல்தண்ணீர் உள்ளே ஏறுகிற நேரம். கரையோரச் சேறு நுரைத்து, குமிழ் விட்டு, வாய் மெல்லுவதுபோல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் மேலே வெதுவெதுப்பாகவும் கணுக்காலுக்குக் கீழே சில்லென்றும் இருந்தது. பறியைக் கடித்தாள். ஓலையின் உப்பு நாக்கில் இறங்கியது. ஞாயிறன்று உட்கார்ந்த அதே இடம். உட்கார்ந்தாள். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. பார்க்கும் தைரியம் இல்லை. கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

காத்திருந்தாள்.

பின்னால் தண்ணீர் சளக்கென்றது. இடப்பக்கம் ஏதோ வந்து உட்கார்ந்தது. மூச்சு. மூக்கால் மட்டும் விடுகிற மூச்சு. வாயில் பறி இருந்தால் அப்படித்தான் விட முடியும்.

சேற்றுக்குள் கையை நீட்டினாள்.

இருந்தது. அதே சின்னக் கை. தானாகவே வந்து அவள் உள்ளங்கைக்குள் புகுந்துகொண்டது. நடுங்கியது. நடுங்கட்டும் என்று நினைத்தாள். என் பிள்ளையின் சட்டையைத் தொட்டாயே, நன்றாக நடுங்கு.

அழுத்தினாள். ஒரே நீளமாக, எலும்பு தெரியும் வரை, மூச்சு முட்டும் வரை.

நடுக்கம் நின்றது. கை அடங்கி, அப்படியே அசையாமல் இருந்தது.

விட்டுவிட்டு எழுந்தாள். கரை வரை கண்ணைத் திறக்கவில்லை. திறந்த பிறகும் திரும்பிப் பார்க்கவில்லை. நெஞ்சில் இருந்த கல் இறங்கியிருந்தது. நாளைக் காலையில் மகளுக்குத் தலைவாரி, ரெட்டை ஜடை போட்டு, பஸ் ஏற்றிவிட வேண்டும். அறைந்த கன்னத்தைத் தடவிக் கொடுக்க வேண்டும். நினைத்ததும் அழுகை வந்தது, அழுதுகொண்டே நடந்தாள்.

வாசலில் மகள் இல்லை. உள்ளே விளக்கு எரிந்தது. சுபா முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். புதுச் சட்டை, ஷூ, அவிழ்த்துவிட்ட தலைமுடி. பக்கத்தில் சீப்பும் ரிப்பனும் எடுத்து வைத்திருந்தது.

"நாளைக்குப் போட வேண்டியத இப்பவே ஏண்டி போட்டுக்கின?"

மாலதி சிரித்துக்கொண்டே பறியை மாட்டச் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

பக்கத்து ஆணியில் சின்னப் பறி இல்லை.

கையிலிருந்த பறி கீழே விழுந்தது. என்னைத் தனியாக விடாதே என்றாளே. நானும் வரேன் என்றாளே. அந்தக் கை நடுங்கியதே. சில்லென்று இல்லையே. சூடாக இருந்ததே.

முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததன் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சட்டையின் முழுக்கைகளிலிருந்து சொட்டியது. தரையெல்லாம் சேறு.

மாலதி வாசலை நோக்கித் திரும்பினாள். ஓடினால் பிடித்துவிடலாம். கடல்தண்ணீர் இப்போதுதான் ஏறுகிறது. கழுத்து வரைதான் இருக்கும். வாய் வரைதான் இருக்கும். அசைந்தால் போதும், எழுந்து நின்றால் போதும். ஆனால் சுபா அசைய மாட்டாள். அம்மா இரு என்று சொல்லியிருக்கிறாள். பறியைக் கடித்துக்கொண்டு, சேற்றில் கைகளை வைத்தபடி, அப்படியே இருப்பாள்.

முதல் அடி எடுத்து வைப்பதற்குள் பின்னாலிருந்து சில்லென்ற சின்னக் கை ஒன்று அவள் கையைப் பிடித்தது.

அழுத்தியது.

ஒரே நீளமாக.