பூட்ஸ் நுனியில் ஒரு மினுக்கல்

ஒரு மாதமாக அந்த வீட்டில் இதே கூத்துதான். அக்கா அசையாமல் நிற்கப் பழகுவாள். சிட்டு அவளைச் சிரிக்கவைக்கப் பழகுவாள்.

அக்கா படையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. போரில் உயிர் நீத்தவர்களுக்கு ஊர் நடுவே ஒரு நினைவிடம் உண்டு. நினைவு நாளன்று அதன் நான்கு மூலைகளிலும் நான்கு பேர் வாளோடு காவல் நிற்பார்கள். இந்த வருடம் அக்கா அந்த நால்வரில் ஒருத்தி. நினைவிடச் சுவரில், மூன்றாவது வரிசையில், மாமாவின் பெயர் இருக்கிறது. அம்மாவுக்கு இருந்தது அந்த ஒரே தம்பிதான்.

காவல் என்றால் சும்மா நிற்பது இல்லை. வாளின் நுனி தரையில் ஊன்றியிருக்க, பிடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, தலை குனிந்து ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். மூக்கின் மேல் ஈ வந்து உட்கார்ந்தால், அது அந்த ஈ செய்த புண்ணியம். விரட்டக் கூடாது.

வீட்டில் வாளுக்குப் பதில் துடைப்பக்கட்டை. சிட்டு நாக்கைத் துருத்தினாள், குரங்கு போலக் குதித்தாள், அப்பாவின் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு வந்தாள். அக்காவின் உதடு அசையவே இல்லை.

"கால் மரத்துப்போகாதா அக்கா?"

"முழங்காலை விறைப்பா வெச்சுக்கிட்டா தலை சுத்தி விழுந்துடுவோம். அதனால பூட்ஸுக்குள்ள விரலை ஆட்டிக்கிட்டே இருக்கணும். வெளியில யாருக்கும் தெரியாது."

சிட்டுவுக்குத் தெரிந்தது. அந்தப் பூட்ஸுக்குத் தினமும் பாலிஷ் போடுபவளே அவள்தானே. முகம் பார்க்கலாம் போல் மின்னும் அதன் நுனியில் ஒரு வெளிச்சப் புள்ளி விழும். உள்ளே விரல் ஆடினால் அந்தப் புள்ளி கண் சிமிட்டும்.

போன வருடம் ஒருவர் மயங்கி, வாள்பிடியின் மேலேயே விழுந்து, முன்பல் இரண்டைப் பறிகொடுத்தார். சடங்குக்கான வாளில் கூர் கிடையாது. ஆனாலும் இரும்பு இரும்புதான். அதைவிடப் பெரிய அடி ஒன்று உண்டு. விழுந்தவருக்கு மறுபடி வாள் தர மாட்டார்கள்.

நினைவு நாள் வந்தது. காலையிலிருந்தே வெயில் கொளுத்தியது. பயத்தில் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை; ஒரு மடக்குத் தண்ணீரோடு கிளம்பிவிட்டாள். குடும்பத்தார் எல்லோரும் நினைவிடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த சங்கிலிக்கு வெளியே நின்றார்கள். சங்கிலிக்குள் யாரும் காலடி வைக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள அங்கே ஒரு மீசை அதிகாரி நின்றார். அவருடைய மீசையைப் பார்த்தே பாதிப் பேர் நிமிர்ந்து நின்றார்கள்.

சிட்டு அக்காவின் பூட்ஸை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். மினுக்... மினுக்... அரை மணி நேரம் எல்லாம் நல்லபடியாகவே போயிற்று.

ஊதுகொம்பு ஒலித்தது. இரண்டு நிமிட மௌனம் தொடங்கியது. எல்லோரும் தலை குனிந்தார்கள்.

அப்போதுதான் அந்தப் புள்ளி நின்றுபோனது.

சிட்டு காத்திருந்தாள். மினுக்கவே இல்லை. அக்காவின் முழங்கால்கள் கட்டைபோல விறைத்திருந்தன. சிவந்திருந்த காதுமடல் வெளுத்துக்கொண்டே வந்தது. கல்தரையில் வாள்நுனி மெல்லத் தட்டியது. டிக்... டிக்...

சிட்டு சட்டென்று திரும்பினாள். அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்களை மூடித் தன் தம்பியோடு மனதுக்குள் பேசிக்கொண்டிருந்தாள். கத்தினால் அத்தனை பேரின் மௌனமும் கலையும். சும்மா இருந்தால் அக்கா விழுவாள். குனிந்திருக்கும் அக்காவுக்கு மேலே எதுவும் தெரியாது. அவள் கண்ணுக்கு எட்டுவது எதிரே இருக்கும் தரை மட்டும்தான்.

தரை. சொல்ல வேண்டியதைத் தரையில்தான் சொல்ல வேண்டும்.

பெரியவர்களின் கால்களுக்கிடையே பூனைபோல நழுவி, அக்காவுக்கு நேர் எதிரே போய் நின்றாள். வலது காலணியைக் கழற்றினாள். ஐயோ, காலுறையில் ஓட்டை. கட்டைவிரல் ஆமைத்தலை போல வெளியே எட்டிப் பார்த்தது. காலையிலேயே அம்மா மாற்றிக்கொள்ளச் சொன்னாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று இவள்தான் கேட்கவில்லை.

வெட்கப்பட இது நேரமில்லை. சங்கிலிக்கு அடியில் காலை நீட்டி விரல்களை ஆட்டினாள்.

அக்கா பார்க்கவில்லை. இமைகள் பாதி மூடியிருந்தன. டிக்டிக் வேகமானது.

மீசை அதிகாரி பார்த்துவிட்டார். அவருடைய புருவங்கள் தொப்பி வரைக்கும் ஏறின. ஆனால் மௌனம் அவருக்கும் சேர்த்துத்தானே, அசைய முடியவில்லை. சிட்டு அவரைப் பார்க்காமல் காலை இன்னும் நீட்டி, ஆமைத்தலையை இடமும் வலமும் மேலும் கீழும் ஆட்டினாள்.

அக்காவின் இமைகள் விரிந்தன. உதட்டோரம் ஒரு துடிப்பு. போச்சு, சிரித்துவிடப்போகிறாள் என்று சிட்டுவுக்குப் பக்கென்றது. ஒரு மாதப் பழக்கம் வீண் போகவில்லை. துடிப்பு அடங்கியது.

முழங்கால் லேசாகத் தளர்ந்தது. பூட்ஸ் நுனியில், மினுக்.

மறுபடி மினுக். டிக்டிக் ஓய்ந்தது. கொம்பு மீண்டும் ஒலித்தது.

ஒரு மணி நேரக் காவல் முடியும்வரை சிட்டு அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அக்கா வாளை நிமிர்த்தி வணக்கம் வைத்து, சீராக நடந்து போனாள். அதன்பிறகு மீசை அதிகாரி நேராக இவளிடம் வந்தார்.

"சங்கிலிக்கு உள்ள வந்தது யாரு?"

"நான் வரலை சார். என் கால் மட்டும்தான் வந்துச்சு."

ஏன் என்று கேட்டார். சிட்டு வெளிச்சப் புள்ளியைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னாள். அவர் குனிந்து தம்முடைய பூட்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விரலை ஆட்டினார் போலிருக்கிறது, நுனி மினுக்கியது. மீசைக்கு அடியில் ஏதோ அசைந்ததையும் சிட்டு கவனித்தாள்.

"போ. அக்காவுக்குத் தண்ணி குடு," என்றார்.

சாயங்காலம் அம்மா அந்தக் காலுறையையும் ஊசி நூலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அக்கா ஓடி வந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"தைக்காதேம்மா. அடுத்த வருஷம் எனக்கு இது வேணும்."