கடைசிப் பந்தி

கறி அண்டாவுக்குப் பக்கத்தில் என்னைக் காவலுக்கு உட்கார வைத்திருந்தார்கள். நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. அதனால்தான் அந்த வேலை எனக்கு.

அசனம் என்றால், எங்கள் கிறிஸ்தவ சபையார் எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் வாசலில் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து. முதலில் பிள்ளைகள், பிறகு பெரியவர்கள். பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஓடவேண்டும். சாயங்காலம் லோடு ஏற்றணும். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. போட்டிருந்ததோ ஓலைப் பந்தல்.

பிள்ளைகள் உட்காரவே இல்லை. ஒரே சண்டை.

பந்தல் சின்னது. பிள்ளைகளுக்கே இரண்டு பந்தி. பிள்ளைகளில் பிந்திச் சாப்பிடுகிறவர்கள்தான் இரண்டு பந்தி எச்சில் இலையையும் எடுக்கவேண்டும். அது எங்கள் ஊர் வழக்கம். பிந்த யார் சம்மதிப்பார்?

"போன வருசம் நாங்கதான எடுத்தோம்!" என்று கத்தினான் மேற்குத் தெரு வேதமணி.

"முந்தி உக்காரத் தெரியலைன்னா நாங்க என்ன செய்ய?" என்றது கிழக்குத் தெரு.

"ஏலே, வாங்கலே வீட்டுக்கு! கஞ்சியக் குடிச்சிக்கிடுவோம்."

மேற்குத் தெருப் பிள்ளைகள் நிஜமாகவே கிளம்பிவிட்டார்கள். ஒரு பொடியன் மட்டும் அண்டாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்து அழுதான்.

"நில்லுங்க! லீடரு சொல்லட்டும்!" என்றது ஒரு குரல்.

ஞாயிறு பள்ளி லீடர் ஞானசுந்தரிக்குப் பத்து வயசு. கிழக்குத் தெருக்காரி. தன் தெருவைத்தான் சொல்லுவாள் என்று நினைத்தேன். வேறு என்ன செய்வாள்?

அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூலையில் கிடந்த பெரிய ஓலைக் கடகப் பெட்டியை எடுத்தாள்.

"மேக்குத் தெரு மொதல்ல உக்காருங்க. ரெண்டு பந்தி இலையும் நான் எடுக்கேன். பிள்ளைங்க எல்லாருக்கும் பொறவு சாப்பிட்டுக்கிடுதேன்."

"நீ எங்க தெருவா, அவங்க தெருவா?" என்று கேட்டது கிழக்குத் தெரு.

"அப்ப இலை எடுக்க வாறியா?"

கிழக்குத் தெரு இரண்டடி பின்னால் நகர்ந்தது.

வேதமணி சிரித்தான். "லீடரு எச்சி இலை எடுக்குமா?"

"இயேசுசாமி சீஷருங்க காலையே கழுவினாரு. இது வாழையிலைதான? உக்காருலே, மழை வருது!"

மேற்குத் தெருப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். வேதமணி மட்டும் உட்காரவில்லை.

"பாதில ஓடிருவா. நான் இங்கன காவலுக்கு நிக்கேன்" என்றான். என்னை மாதிரி ஆள்.

எனக்கும் சந்தேகம்தான். கறியைக் கடகத்தில் ஒளித்துக்கொண்டு போவாளோ? எட்டிப் பார்த்தேன். எலும்பும் முருங்கைச் சக்கையும்தான் கிடந்தன.

அவள் குனிந்து குனிந்து எடுத்தாள். முழங்கை வரைக்கும் குழம்பு வழிந்தது. கடகம் நிறைந்தது. தூக்கினாள், முடியவில்லை. இழுத்தாள்.

"தள்ளு பிள்ள, ஓலை கிழியப் போவுது" என்று மறுபக்கம் வந்து பிடித்தான் வேதமணி.

இரண்டு பந்தியும் முடிந்தது. கை கழுவிவிட்டு அவர்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். பெரியவர்கள் பந்திக்கு முந்தியே, அண்டாவின் அடியில் இருந்த கெட்டிக் கறியை நானே துழாவி எடுத்துப் போட்டேன். யாருக்கும் நான் அப்படிப் போட்டதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மறுபடியும் சத்தம்.

"ஒன் இலைய நான் எடுக்கேன்."

"கைய எடுலே! ஒன் இலையத்தான் நான் எடுப்பேன்."

இரண்டு இலையும் கிழிந்தன. தூறல் போட ஆரம்பித்தது. அந்தச் சண்டையை மட்டும் நான் விலக்கப் போகவில்லை.