நாலு பத்துக்கு வரும் மஞ்சள்

சர்வீஸ்காரர் வந்தபோது மணி மூன்றரை. மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு பையை இறக்கி வைத்தார். மாற்றிப் பார்ப்பதற்கென்று தன் கடையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் திரையையும் தூக்கி வந்திருந்தார்.

"சொல்லுங்க மேடம், என்ன பண்ணுது?"

"தினம் நாலு பத்துக்கு ஸ்கிரீன் மஞ்சளாயிடுது. நாலரைக்குத் தானா சரியாயிடுது. ஒரு மாசமா இப்படித்தான்."

"அட, இதுக்குத்தானா! கண்ணு கூசாம இருக்க நீல வெளிச்சத்தைக் குறைக்கிற வசதி அது. நேரம் குறிச்சு வெச்சுட்டு மறந்திருப்பீங்க. ரெண்டு தடவை அமுக்கினா போயிடும்."

ரெண்டு தடவை அமுக்கினால் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

அந்த வசதி அணைந்தேதான் இருந்தது. நேரமும் எதுவும் குறிக்கப்படவில்லை. சர்வீஸ்காரர் மென்பொருளைப் புதிதாக ஏற்றினார், கேபிளை மாற்றினார், கடைசியில் தன் திரையையும் பக்கத்தில் வைத்து இணைத்தார். வாய் ஓயாத மனிதர். "என் பொண்டாட்டி மூஞ்சியைக்கூட இவ்வளவு நேரம் பார்த்ததில்ல மேடம்" என்று தானே சிரித்துக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது.

நாலு பத்து.

இரண்டு திரைகளும் சேர்ந்தே மஞ்சளாயின.

பட்டென்று அல்ல. வெள்ளைத் துணியில் கறை ஊறுவது போல, ஓரத்திலிருந்து மெல்ல, நடுவை நோக்கி.

சர்வீஸ்காரர் தன் போனில் அதைப் படமெடுத்தார். படத்தில் திரைகள் வெள்ளையாக இருந்தன. கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு குனிந்து இரண்டு திரைகளின் மின்கம்பிகளையும் பிடுங்கினார்.

மஞ்சள் போகவில்லை.

"மேடம்..." அவர் குரல் இறங்கிவிட்டது. "வீட்ல கைக்குழந்தை இருக்கா? பால் வாசனை வருதே."

"இல்ல. நான் மட்டும்தான்."

அவர் சட்டென்று எழுந்தார். பையை மூடக்கூட நிற்காமல், கொண்டுவந்த திரையையும் அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கினார். தடதடவென்ற செருப்புச் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். போன வருஷமும் இதே நாற்காலிதான்.

பிறந்த குழந்தைகள் வார்டில் பதினோரு வருஷமாக நர்ஸ் அவள். இரவு வேலை முடிந்தும் தூக்கம் பிடிக்காமல் உட்கார்ந்திருந்த ஒரு நாள், சாயங்காலம் சரியாக நாலு பத்துக்குத் தங்கை வீடியோவில் கூப்பிட்டாள். பெற்று மூன்று நாளாகியிருந்தது. "அக்கா, பையன் மஞ்சளா தெரியுறான். கொஞ்சம் பாரேன்." கண் எரிகிறதென்று இவள்தான் தன் திரையை மஞ்சளாக்கி வைத்திருந்தாள். அதில் தங்கையின் முகம் மஞ்சள், சுவர் மஞ்சள், படுக்கை விரிப்பு மஞ்சள். அணைத்துவிட்டுப் பார்த்திருக்கலாம். சோம்பல்தான், வேறொன்றுமில்லை. "எல்லாக் குழந்தையும் இப்படித்தாண்டி இருக்கும். போய்த் தூங்கு" என்றாள்.

ஆறாவது நாள் குழந்தை இல்லை.

மஞ்சள் காமாலை ஏறிய குழந்தைக்கு வைத்தியமே நீல வெளிச்சம்தான். அந்த விளக்கின் கீழே எத்தனை குழந்தைகளைத் தன் கையால் படுக்க வைத்திருக்கிறாள்! ஊரே கேட்டபோது, "நான் பார்த்தப்ப நல்லாத்தான் இருந்தான்" என்று சொல்லிவிட்டாள். பழி முழுக்கத் தங்கை தலையில் விழுந்தது. பெற்ற பிள்ளையைப் பார்க்கத் தெரியாதவள் என்று புகுந்த வீட்டில் பெயர் வாங்கினாள்.

இப்போது தங்கைக்கு ஏழு மாதம். போன மாதம் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "என் கண்ணையே எனக்கு நம்ப முடியலக்கா. இந்தத் தடவையும் நீதான் பார்த்துச் சொல்லணும்." அன்று சாயங்காலம்தான் திரை முதல் தடவையாக மஞ்சளானது.

போன் அடித்தது.

தங்கை. வீடியோவில்.

இதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. எடுத்ததும் கொட்டிவிட்டாள்.

"அன்னிக்கு நான் சரியா பார்க்கலடி. என் ஸ்கிரீன் மஞ்சளா இருந்துச்சு. ரெண்டு தடவை அமுக்கினா போயிருக்கும், அமுக்கல. உன் கண்ணுல தப்பில்ல. நீ பார்த்ததுதான் சரி. நான்தான் பொய் சொன்னேன்."

தங்கை அழவில்லை. திட்டவில்லை. வெகுநேரம் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மேஜைமேல் இருந்த திரைகளிலிருந்து மஞ்சள் வடியத் தொடங்கியது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு திரைகளும் இருண்டன. சுவர் கடிகாரத்தில் நாலரை. போய்விட்டது என்று நினைத்தாள். நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது போல இருந்தது.

"அக்கா." தங்கையின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "இப்ப உன் போன்ல மஞ்சள் எதுவும் போட்டு வைக்கலியே?"

"இல்லடி. எல்லாம் வெள்ளையா, பளிச்சுன்னு தெரியுது."

"அப்ப இந்தத் தடவையாவது சரியா பார்த்துச் சொல்லு."

"என்னத்தடி?"

"உன் தோள்ல படுத்திருக்கானே... மஞ்சளா இருக்கானா?"

அவளால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இடது தோளில், ரவிக்கையை நனைத்துக்கொண்டு, கக்கிய பாலின் வெதுவெதுப்பான ஈரம் மெல்லக் கீழே இறங்கியது.