கடைசி அத்தியாயத்துக்கு ஒரு ‘ம்’

பட்டாபிராமன் முதல் வரியைப் படித்து நிறுத்தியதும் கட்டிலிலிருந்து ‘ம்’ என்று வந்தது. கட்டிலில் யாரும் இல்லை.

மனைவி பிரபா இருந்தவரை அது அவளுடைய சம்பளமில்லாத உத்தியோகம். ரயில்வேயிலிருந்து ரிட்டயரான நாள் முதல், லேக் மார்க்கெட் வீட்டில் காப்பி குடித்த கையோடு அவர் பழைய இங்கிலீஷ் துப்பறியும் நாவல் ஒன்றை எடுத்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். அவள் படுத்துக்கொண்டு ம் கொட்டுவாள். குள்ளம், கால் நீட்டினாலும் பாதிக் கட்டில் மிச்சமிருக்கும். ஆனால் அவள் ம் கொட்டாமல் இங்கிலாந்தில் ஒரு பிரபுகூடச் செத்துவிட முடியாது. ஓர் இடத்தில் மட்டும் ம் வராது. கதையில் நம் ஊர் வேலைக்காரன் ஒருவன் வந்து, ஆசிரியர் அவனைத் திருட்டு முழிக்காரன் என்று எழுதிவிட்டால் போச்சு. அலிப்பூர் கோர்ட்டு வக்கீல்கள் அத்தனை பேரும் அவளிடம் பிச்சை வாங்க வேண்டும்.

“கப் அலம்பறவன்னா திருட்டு முழியா? உங்க துரையை மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்கோ. அப்பறம் ம் கொட்டறேன்.”

துரை செத்து எந்தக் காலமோ ஆயிற்று. பட்டாபிராமன்தான் அவருக்காகக் கையெடுத்துக் கும்பிடுவார்.

போன மாதம், கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் ம் நின்றது. தூக்கத்திலும் தனக்குக் காது கேட்கும் என்பாளே என்று, குரலைத் தாழ்த்தி அத்தியாயம் முழுவதையும் படித்தார். போர்வையை இழுத்துவிடும்போதுதான் அவள் கை சில்லிட்டிருந்தது தெரிந்தது. கொலைகாரன் யாரென்று தெரியாமலே போய்விட்டாள். அந்த ஒன்றுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

இன்று கால்பைசாகிப் புயல் பட்டப்பகலை விழுங்கி, தெருப்புழுதியையும் மழை வாசனையையும் ஜன்னல் இடுக்கு வழியே ஊதிவிட்டு, டிராம் கம்பியிலிருந்து அவர் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் வரை ஊரையே கிடுகிடுக்க வைத்து, கரண்ட்டையும் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. மிச்சமிருந்த கடைசி அத்தியாயத்தை டார்ச் வெளிச்சத்தில் படித்தார்.

‘ம்.’

“பிரபா, நீதானா?”

‘ம்.’

கண்ணாடி பனித்தது. துடைத்துக்கொண்டு வேகமாகப் படித்தார். பிணம் கிடந்த அறை. ம். உடைந்த கடிகாரம். ம். வேலைக்காரன் வந்தான். திருட்டு முழிக்காரன்.

பட்டாபிராமன் நிறுத்தினார். சிரிப்பு வந்தது. கும்பிடக் கை கூப்பினார்.

‘ம்.’

கைகள் அப்படியே நின்றன. அந்த வரியை மறுபடி படித்தார்.

‘ம்.’ உடனே வந்தது. ஆவலாக.

அவளில்லை.

புத்தகத்தை மூடினார். மழை விட்டிருந்தது. அறையில் சத்தமே இல்லை. ஒரு மாதமாக அவரைத் தின்றுகொண்டிருந்த அதே நிசப்தம். அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். முடியவில்லை.

புத்தகத்தைத் திறந்தார்.

“சரி, கேளு,” என்றார்.

அவள் தலையணை மெல்லக் குழிந்தது. விரிப்பில் பள்ளம் இறங்கியது. முதுகு. இடுப்பு. பிரபாவின் பாதம் எட்டுகிற இடம் வந்தது. நிற்கவில்லை. நீண்டது. கட்டில் விளிம்பு வரை நீண்டது. அதற்கு அப்பால், அவர் நாற்காலிக்கு அருகே, தரையில் ஏதோ மெதுவாக ஊன்றியது.

அவர் படித்தார்.

‘ம்.’