வாசல்காவலன் யாரைச் சுடும்?

புதுக்குறிச்சியில் காலையில் எழுந்ததும் பல் துலக்கப் போகிறவர்கள் யாரும் இல்லை. முதலில் வாசலுக்குப் போய்த் துப்பாக்கிக்கு முகம் காட்ட வேண்டும். நிலைக்கு மேலே, பூமியில் மாவிலைத் தோரணம் தொங்குகிற இடத்தில், முழங்கை நீளக் குழலும் அதன் மேல் ஒற்றைக் கண்ணுமாக வாசல்காவலன் உட்கார்ந்திருக்கும். வீட்டில் உள்ளவர்களின் முகத்தையும் நாடித்துடிப்பையும் அந்தக் கண் அன்றன்றைக்கு அளந்துகொள்ளும். தூக்கக் கலக்கத்தில் இதை மறந்துவிட்டு வாசலைத் தாண்டப் போன புது மருமகன்கள் சிலர் கழுத்துக்குக் கீழே விறைத்துப்போய்ப் பொழுது சாயும்வரை கிடந்திருக்கிறார்கள். அதனால் குழந்தைகள் தளர்நடை போடும்போதே, "காவலனுக்கு மூஞ்சியக் காட்டுல" என்று பழக்கிவிடுவார்கள்.

செவ்வாய்க் கோளில், பாறையைக் குடைந்து கட்டிய ஊர் அது. முதலில் வந்து குடியேறியவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். பூமியில் அதிகாரிகள் நினைத்த நேரத்தில் வீட்டுக்குள் புகுந்து அடுக்களைப் பானை வரைக்கும் கவிழ்த்துப் பார்த்ததில் அவர்களுக்கு ஏற்பட்டிருந்த அருவருப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஆகவே இங்கே வந்து இறங்கிய கையோடு அவர்கள் இயற்றிய முதல் சட்டம் வாசற்படிச் சட்டம். அவரவர் செலவில் குடைந்த அறை அவரவர்க்கே சொந்தம். நீதிமன்ற ஆணை இல்லாமல் எவனும், ஆளுநரே ஆனாலும், வாசற்படியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வாசல்காவலன் விறைப்பூசியால் சுடலாம், வழக்கு கிடையாது. வீட்டுக்காரரே மனமொப்பி அழைத்தால் மட்டும் ஆணை தேவையில்லை.

சட்டம் நன்றாகத்தான் இருந்தது. இருந்தும் இந்த ஆண்டு, ஊருக்கு மூச்சுக்காற்று வழங்கும் காற்று வாரியத்து அதிகாரிகள் தெருத்தெருவாக வந்து, மிகை அறை என்று பெயர் சொல்லி, வீடுகளின் பின்னறைகளைச் சுவரெழுப்பி அடைத்துத் தங்கள் விருந்தினர் விடுதியோடு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் ஆணை என்று ஒன்றும் இல்லை. அப்படியும் ஒரு வீட்டுத் துப்பாக்கிகூட வெடிக்கவில்லை.

ஆவுடையப்பன் அதைக் கேட்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார். அவர் அழுத்தக் குழாய் நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டியும் முறுக்கிய மீசையில் ஒரு முடி வெளுக்கவிடாதவர். தேநீர்க் கடையில் உட்கார்ந்துகொண்டு, அறையைப் பறிகொடுத்தவர்களைக் காறித் துப்பாத குறையாகப் பேசுவார்.

"பழைய துப்பாக்கிய வச்சிக்கிட்டு அது சுடலன்னு ஒப்பாரி வச்சா என்ன செய்ய? என் வாசல்ல கால வைக்கட்டும் ஒருத்தன். கட்டையா விறைச்சுக் கிடப்பான்."

அவர் அப்படிப் பேசியதற்குக் காரணம் உண்டு. அவர் வீட்டில் மாட்டியிருந்தது கற்கும் காவலன். அதற்குக் கட்டளை எதுவும் தேவையில்லை. வீட்டுக்காரரின் குரல், நாடித்துடிப்பு, கழுத்து வளைகிற வளைவு எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்து, அவர் யாரை உள்ளே விடுவார், யாரை விரட்டுவார் என்று தானே படித்துக்கொள்ளும். ஆபத்து நேரத்தில் மனிதனுக்குக் கை நடுங்கும், காவலனுக்கு நடுங்காது என்று சொல்லித்தான் விற்றார்கள். அது வேலை செய்கிறது என்பதற்கும் அவரிடம் சாட்சி இருந்தது. கழிவுக் குழாய் சுத்தம் செய்ய வந்தவன் ஒருமுறை கேட்காமல் நடைவரை வந்துவிட்டான். ஆவுடையப்பன் "ஏல்" என்று அதட்டி முடிப்பதற்குள் அவன் தரையில் கிடந்தான். அன்றைக்கு அவர் காவலனுக்குச் சந்தனம் வைத்தார்.

அவர் வீட்டுப் பின்னறைக்கு இப்போது ஒரு தேவை இருந்தது. மகள் செண்பகம் தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். செவ்வாயில் வானத்திலிருந்து கொட்டுகிற கதிர்வீச்சுக்குப் பச்சைக் குழந்தை தாங்காது. பிறந்து சில மாதங்கள் ஆழமான பாறை அறையில்தான் அதை வைத்திருக்க வேண்டும். வீட்டில் பாறை அறை இல்லாதவர்கள் வாரியத்தின் பொதுக் கூடத்தில் இடத்துக்குக் காத்திருக்க வேண்டும். காத்திருந்ததில் போன குழந்தைகளைப் பற்றி ஊரில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. ஆவுடையப்பன் பணியில் இருந்த காலம் முழுவதும் சிறுகச் சிறுகக் குடைந்த அறை அது. தொட்டிலும் மெத்தையும் வந்து இறங்கியாகிவிட்டது. அவர் மனைவி கோமதி மகளுக்கென்று முறுக்குச் சுட்டு டப்பாவில் அடைத்து வைத்திருந்தாள். அந்த அறையும் மிகை என்று வாரியம் குறித்துவிட்டதாகத் தெரிந்ததும் வழக்குப் போட்டார்கள்.

அன்று முற்பகலில் வக்கீல் கிளாடிஸ் அம்மாள் வானலையில் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, தடை ஆணை கிடைச்சிட்டு. கோர்ட்டு ஆளு தகட்ட எடுத்துக்கிட்டுப் பொறப்பட்டாச்சு. அவரு கொண்டாந்து கையில குடுக்க வரைக்கும் வாரியத்துக்காரன் எவனையும் உள்ள விடாதீய. வாங்கன்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிராதீய. அது சம்மதம் ஆயிரும்."

வானலையில் வருகிற குரலையும் படத்தையும் யாரும் போலியாக ஆக்கிவிடலாம் என்பதால் நீதிமன்ற ஆணைகளை உலோகத் தகட்டில் பொறித்து ஆள்வழியாகத்தான் அனுப்புவார்கள். அந்த ஆள் தன் கையால் கொடுத்தால்தான் செல்லும்.

"நான் ஏன் சொல்லப் போறேன்? அந்த நாய்களுக்கு நம்ம காவலன் பதில் சொல்லும்" என்றார் ஆவுடையப்பன்.

அவர் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் வாசல் மணி அடித்தது. வெளிக்கதவுக்கும் வாசலுக்கும் நடுவே காற்றழுத்தம் சரிசெய்யும் இடைக்கூடத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். கோர்ட்டு ஆள் இல்லை. வாரியத்தின் மண்டல அலுவலர் இரத்தினசபாபதி நின்றிருந்தார். பின்னால் இரண்டு உதவியாளர்கள் சுவரெழுப்பும் யந்திரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூவரும் மடிப்புக் கலையாத சீருடையில் இருந்தார்கள். அதிகாரிகளுக்கென்று தனியாக அடைத்த சுரங்கப் பாதை இருப்பதால் அவர்களுடைய காலணியில் செம்மண் ஒரு பொட்டுக்கூட ஒட்டாது. உத்தரவு எதுவும் அவர்கள் கையில் இல்லை. அதை அவர்கள் மறைக்கவும் இல்லை.

காவலனை நம்பிப் பூட்டாமல் விட்டிருக்கும் கதவு மணிச் சத்தத்துக்குத் தானே திறந்தது. ஆவுடையப்பன் மீசையைத் தடவிக்கொண்டுதான் நின்றார். ஆணை எங்கே என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்தச் சீருடையைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டு தானாக இறங்கி இடுப்புக்கு வந்தது. கழுத்து வளைந்தது. நாற்பது வருடம் மேலதிகாரிகளிடம் பழகிய வாய் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது.

"வாங்க சார், வாங்க. இவ்வளவு தூரம் நீங்களே வரணுமா? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பம்லா?"

நிலைக்கு மேலே இருந்த ஒற்றைக் கண் அவரை ஒருமுறை பார்த்தது. பிறகு அதிகாரியைப் பார்த்தது. குழல் மெல்லத் தாழ்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்கச் சகிக்காது. மூவரும் காலணியோடு உள்ளே வந்தார்கள். ஆவுடையப்பன் நாற்காலியைத் தன் துண்டால் துடைத்துப் போட்டார். ஒருவன் தொட்டிலின் உறையைக் கிழித்து ஆட்டிப் பார்த்தான். இன்னொருவன் பிள்ளைக்கென்று வாங்கிய மெத்தையில் மல்லாந்து படுத்து, நல்ல மெத்தை என்றான். இரத்தினசபாபதி கேட்காமலேயே டப்பாவைத் திறந்து முறுக்கை எடுத்துக் கடித்து, உப்புக் கூடுதல் என்று சொல்லித் துணுக்குகளைத் தரையிலேயே துப்பினார். ஆவுடையப்பன் அதைக் குனிந்து எடுத்தார். சீ என்று அவருக்கே வந்தது. ஆனாலும் எடுத்தார்.

காபி போடுகிற சாக்கில் அவர் அடுக்களைக்குள் வந்ததும் கோமதி பிடித்துக்கொண்டாள்.

"வக்கீலம்மா என்ன சொன்னா? நீங்க என்ன செய்திய?"

"சும்மா இரி. வீட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு சொல்லாம என்ன செய்ய? இவனுக முகரைக் கட்டையப் பாத்தாலே எனக்குக் குமட்டுதுளா. திருட்டுப் பயலுக. மெத்தையில கிடக்கான் பாரு, எரும."

"அத அவியகிட்டப் போய்ச் சொல்லுங்க."

"சொல்லுதேன். காபியக் குடு."

காபியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவர் வாசல்காவலனுக்குக் கீழே ஒரு கணம் நின்றார். உதட்டை அசைக்காமல், "சுடுல" என்று முணுமுணுத்தார். அந்த நேரம் பார்த்து இரத்தினசபாபதி இந்தப் பக்கம் திரும்பவே, அவர் முகம் பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. கற்கும் காவலன் சொல்லை நம்புவதில்லை, உடம்பைத்தான் நம்பும். அது அசையவில்லை.

"சார், மக பிரசவத்துக்கு வாறா. அந்த அறைய மட்டும் விட்டுட்டா..." என்று ஆவுடையப்பன் கைகட்டிக்கொண்டு இழுத்தார்.

"பாக்கலாம் பாக்கலாம்" என்றார் இரத்தினசபாபதி. உதவியாளர்களைப் பார்த்து யந்திரத்தைப் பின்னறைப் பக்கம் உருட்டச் சொன்னார்.

அப்போது வாசலில் மணி அடித்தது. அடித்த வேகத்தில் கதவும் திறந்தது. தலையிலிருந்து கால்வரை செம்மண் அப்பிய ஓர் ஆள் மூச்சு வாங்க நின்றிருந்தான். தூசியுடையில் முழங்காலுக்கு மேல் ஒட்டுப் போட்டிருந்தது. ஊர்தி வழியிலேயே நின்றுபோய், புழுதிக் காற்றில் நடந்தே வந்திருப்பான்போல. வியர்வை நாற்றம் கூடம் வரைக்கும் வந்தது. அவன் படிதாண்டி உள்ளே காலை வைத்து நடையைச் செம்மண்ணாக்கினான். இரத்தினசபாபதி மூக்கைச் சுளித்தார்.

அதிகாரி மூக்கைச் சுளித்ததைப் பார்த்ததும் ஆவுடையப்பனுக்கு மானம் போய்விட்டது. அத்தனை நேரமும் உள்ளே அடங்கிக் கிடந்த ஆத்திரமெல்லாம் திரண்டு வந்தது. முதுகு நிமிர்ந்தது. குரலும் வந்தது.

"யாருல நீ? பெரிய மனுசங்க இருக்க இடத்துல அழுக்கோட உள்ள வாறே? வெளிய போயிருல, நாயே."

அந்த ஆள் உடையின் நெஞ்சுப் பக்கம் கையை விட்டான். நிலைக்கு மேலே குழல் சரேலென்று திரும்பியது. ஒரு சின்னச் சத்தம். அவன் அப்படியே சரிந்து நடையில் விழுந்தான். வெளியே வந்துவிட்டிருந்த கையில் ஒரு வெள்ளித் தகடு பளபளத்தது. அதில் நீதிமன்ற முத்திரை இருந்தது.

கோமதி ஓடிவந்து அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்து, முந்தானையால் முகத்து மண்ணைத் துடைத்தாள். அவனுக்குக் கண்ணும் உதடும் மட்டும் அசைந்தன. தண்ணீர் வேண்டும் என்றான்.

"கோர்ட்டு ஆளா? சார், அது... அவன் தடை ஆணையோட வந்திருக்கான். தகடு கையில இருக்கு பாருங்க" என்றார் ஆவுடையப்பன்.

"இருக்கட்டும். கையில குடுத்தாத்தானே செல்லும்? இவர் எங்க குடுத்தாரு?" இரத்தினசபாபதி காபியின் கடைசி மடக்கைக் குடித்துவிட்டு எழுந்தார். "அது சின்ன விசயம். பெருசு ஒண்ணு இருக்கு. ஆணை இல்லாம வந்தவனச் சுடலாம். ஆணையோட வந்தவனச் சுட்டா அந்த வீடு அரசுக்கு. வாசற்படிச் சட்டத்துல அடுத்த வரியே அதுதான். சட்டம் நாங்க போட்டதில்லீங்க. உங்க ஆளுங்க போட்டதுதான்."

அவர் கையை அசைத்ததும் பின்னறைப் பக்கம் போன யந்திரம் நின்றது. உதவியாளர்கள் அதை உருட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். இனி ஓர் அறையை மட்டும் அடைக்க வேண்டிய அவசியம் இல்லை.

"சார், பிள்ளைத்தாச்சிப் பொண்ணு சார். எங்க போவா? நீங்க பாத்து ஏதாவது செய்யணும் சார்" என்று ஆவுடையப்பன் கும்பிட்டார்.

கோமதி எழுந்திருக்கவில்லை. மடியில் கிடந்தவன் வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, இரத்தினசபாபதியை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"ஆணை இல்லாம நுழைஞ்சா சுடுவாங்கன்னு தெரியும்லா உங்களுக்கு? ஒவ்வொரு வாசல்லயும் துப்பாக்கி இருக்கு. பயமே இல்லியா?"

இரத்தினசபாபதி அவளைச் சற்று வியப்போடு பார்த்தார். அந்தக் கேள்வியை அந்த ஊரில் அதுவரை யாரும் கேட்டதில்லை.

"முதல் வீட்டுல ஏறும்போது பயமாத்தாம்மா இருந்துச்சு" என்றார். "கவச உடையெல்லாம் போட்டுக்கிட்டுப் போனோம். போனா, நாற்காலி போட்டு காபி குடுத்தாங்க. அடுத்த வீட்டுலயும் அப்படித்தான். பொறவு கவசத்த வச்சிட்டுச் சீருடைய மட்டும் நல்லாத் தேச்சுப் போட்டுக்கிட்டு வரோம். உங்க ஊர்த் துப்பாக்கி குழாய் கழுவுறவனச் சுட்டிருக்கு, பால் கொண்டாறவனச் சுட்டிருக்கு, இப்பக் கோர்ட்டு சிப்பந்தியச் சுட்டிருக்கு. எங்கள ஒண்ணும் செஞ்சதில்ல. மரியாதை தெரிஞ்ச துப்பாக்கிம்மா அது."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். உதவியாளர்களும் சிரித்தார்கள்.

அதிகாரி சிரிக்கும்போது சும்மா நின்றால் நன்றாக இருக்காது என்று ஆவுடையப்பனும் சிரித்தார்.