மீசை முளைத்த காந்தங்கள்

பாலம் மறுபடியும் சரிந்தது.

அம்ரீன் நெற்றியைச் சுருக்கினாள். துபாயிலிருந்து வாப்பா அனுப்பிய காந்தக் குச்சிகள் அவை. ஒவ்வொரு குச்சியின் இரு முனையிலும் காந்தம். இடையில் இரும்புக் குண்டை வைத்தால் ‘டக்’ என்று பிடித்துக்கொள்ளும். போன வாரம் நன்றாகப் பிடித்தது. இன்று, பள்ளியில் அறிவியல் கண்காட்சி தொடங்கும் நேரத்தில், வழுக்குகிறது.

"சனி, ஞாயிறு இது யார் வீட்ல இருந்துச்சு?" என்றான் வகுப்புத் தோழன் தாஹா, பதில் தெரிந்துகொண்டே.

கவிப்ரியா வீட்டில். ஆசையாகக் கேட்டாளே என்று அம்ரீன்தான் கொடுத்து அனுப்பினாள்.

தாஹா குரலைத் தாழ்த்தினான். "நல்லதை அவ வச்சுக்கிட்டா. உன் டப்பாவுல டூப்ளிகேட்டைப் போட்டுட்டா."

"சும்மா இருடா!"

ஆனாலும் அம்ரீனின் பார்வை கடைசி பெஞ்சுக்குப் போனது. கவிப்ரியா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். ஏன் பக்கத்திலேயே வரவில்லை?

அம்ரீன் ஒரு குச்சியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முனையில் கறுப்பாக, பொடியாக மீசை! விரலால் தள்ளினால் நகர்ந்து மறுபடி ஒட்டிக்கொண்டது. கடற்கரை மணலில் காந்தத்தை வைத்தால் ஒட்டுமே, அதே பொடி.

"கவி, இதைக் கடற்கரைக்கு எடுத்துட்டுப் போனியா?"

"இல்ல. வெளியவே எடுக்கல. வீட்டுக்குள்ள தரையில வச்சுத்தான் விளையாண்டேன்."

"பொய்!" என்றான் தாஹா. "வீட்டுக்குள்ள ஏது மணல்?"

அம்ரீனுக்கும் கோபம் வந்தது. கத்த வாயெடுத்தவள் நின்றாள். தனுஷ்கோடியில் கவிப்ரியாவின் ஓலை வீட்டில் ஒருநாள் மீன் சோறு சாப்பிட்டது நினைவு வந்தது. உட்கார்ந்த இடம் ஜில்லென்று இருந்ததே!

"ஏலே, அவ சொல்றது நிசம். அவங்க வீட்டுத் தரையே மணல்தான்."

கவிப்ரியாவுக்குக் கண் நிறைந்தது. "குச்சி ஒட்டலைன்னதும், நான்தான் கெடுத்துட்டேன்னு பயந்துட்டேன்."

"கெடல. மணல்ல இருக்கிற இரும்புப் பொடி நடுவுல உக்காந்துக்கிட்டு, குண்டை நெருங்க விடல. ஆனா இதை எப்படி எடுக்கிறது?"

கவிப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். செலோடேப்பை ஒவ்வொரு முனையிலும் அழுத்தி இழுத்தாள். கறுப்பு மீசை டேப்போடு வந்தது.

டக்! டக்! பாலம் நின்றது.

டப்பாவின் அடியில் உதிர்ந்து கிடந்த பொடியைக் காகிதத்தில் தட்டி, அடியில் காந்தத்தை நகர்த்தினாள் கவிப்ரியா. பொடி முள்ளம்பன்றியாகச் சிலிர்த்து ஓடியது. பாலத்தைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அங்கேயே மொய்த்தார்கள்.

தாஹா மெதுவாக வந்தான். "கவி, தப்பா பேசிட்டேன். மனசுல வச்சுக்காத." பிறகு தலையைச் சொறிந்தான். "எனக்கும் கொஞ்சம் மணல் கொண்டு வாரியா?"

கவிப்ரியா சிரித்துவிட்டாள்.

"நீயே வீட்டுக்கு வா. சும்மா உக்காந்து எந்திரிச்சாலே போதும், டவுசர் பூரா ஒட்டிக்கிட்டு வரும்!"