பசி போன இடம்

மூன்றாவது கண்ணாடிக் குழாயின் அடியில் பேரீச்சம்பழத் தோல் கிடந்தது.

நகத்துண்டு அளவுதான். நெர்மீன் முதலில் அதைத் துரு என்று நினைத்தாள். அலெக்சாந்திரியாவின் கடற்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. அந்த ஆய்வுக்கூடத்தின் ஜன்னல் கம்பியும் நாற்காலிக் கால்களும் ஆக்சிஜன் குழாயின் திருகுகளும் ஒரே பழுப்பு நிறத்தில் உதிர்ந்துகொண்டிருந்தன. இடுக்கியால் எடுத்து விரலில் வைத்துத் தேய்த்தாள். துரு நசுங்காது. இது நசுங்கியது. இனிப்பு வாசனை வந்தது.

நோன்பு மாதத்தின் இருபத்து மூன்றாம் நாள். கட்டடத்தில் யாரும் பகலில் எதையும் வாயில் வைப்பதில்லை. குழாயின் வாயை மெழுகுத்தாளால் மூடிக் கட்டியவள் அவளே. முந்தைய நாள் மாலை நோன்பு திறந்தபோது அவள் தின்றது ஒரே ஒரு பேரீச்சம்பழம்.

மேசைமேல் நான்கு குழாய்கள் நின்றன. ஒவ்வொன்றிலும் உடற்சூட்டில் உப்புக் கரைசல். அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழ்குமிழாக ஏறும். நடுவில், மேலே நூலிலும் கீழே கொக்கியிலும் மாட்டி, மனித இரைப்பையின் ஒரு கீற்று தொங்கும். கீற்று சுருங்கினால் நூல் இழுபடும், நூல் இழுத்தால் பேனா நகரும், ஓடும் தாளில் ஒரு மலை விழும். வெட்டியெடுத்த இரைப்பை சில மணி நேரம் இப்படிச் சுருங்கும். ஒரு நாள் தாண்டினால் அதிசயம். இவை நாற்பது நாளாகச் சுருங்கிக்கொண்டிருந்தன.

எதிர்ச்சாரியில் இருந்த தனியார் மருத்துவமனையில் தினம் பத்துப் பேருக்காவது வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் நடந்தது. இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி, மிச்சத்தை உலோகப் பின்களால் தைத்து, அரை கப் கொள்ளும் ஒரு குழலாக விட்டுவிடுவார்கள். வெட்டியது வாளியில் இங்கே வரும். பசியைக் கிளப்பும் சுரப்பு பெரும்பாலும் அந்த வெட்டிய பங்கில்தான் ஊறுகிறது. அதனால்தான் ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பசி போய்விடுகிறது. போன பசி எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

நெர்மீனும் அங்கே படுத்து எழுந்தவள்தான். பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் அவளுக்குக் கல்யாணம். மோதிரம் மாற்றிய அன்றே மாப்பிள்ளையின் தாய், கூடியிருந்த எல்லோர் காதிலும் விழும்படி, "மேடை சோபாவுக்கு ரெண்டு கால் கூடுதலா வைக்கச் சொல்லிருக்கேன்" என்றாள். அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி, பேராசிரியர் வஹீத், ஆபரேஷனை இலவசமாக ஏற்பாடு செய்துகொடுத்தார். ஒரே நிபந்தனை, வெட்டியது ஆய்வுக்கூடத்துக்கு வர வேண்டும். "வீட்டுச் சரக்கு வெளிய போகக் கூடாதும்மா" என்று சிரித்தார்.

ஆகவே மூன்றாவது குழாயில் தொங்கியது அவளுடையது. இரண்டாவது இன்ஸாஃபுடையது, பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பெண், வார்டில் பக்கத்துக் கட்டில். மயக்கம் தெளிந்து நெர்மீனுக்குக் கால் நடுங்கியபோது தன் கம்பளிக் காலுறையைக் கழற்றி மாட்டிவிட்டு வெறுங்காலோடு கழிவறைக்குப் போனவள். முதலாவது ஒரு டாக்ஸி ஓட்டுநருடையது. இருபதாம் நாள் அவர் இறந்துபோனார். அன்றைக்கே அவருடைய கீற்றும் நின்றது. எது முதலில் நின்றது என்று யாருக்கும் தெரியாது. நான்காவதில் ஒன்றுமில்லை, வெறும் கொக்கி, ஒப்பிட்டுப் பார்க்க.

நூற்றுப் பதினெட்டுக் கிலோ இருந்த நெர்மீன் இப்போது எழுபத்து நான்கு. டாக்டர்கள் முதலில் பாராட்டினார்கள். பிறகு தராசை மாற்றிப் பார்த்தார்கள். தலைவாரினால் சீப்போடு முடி கற்றையாக வந்தது. மணப்பெண் கவுனை மூன்று முறை பிடித்துத் தைத்த தையல்காரி, நான்காம் முறை துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தீக்குச்சி கனத்தில் கட்டிய அவளுடைய கீற்று மட்டும் கட்டைவிரல் பருமனுக்கு வந்திருந்தது.

அன்றிரவு, விடியலுக்கு முந்தைய ஸஹர் சாப்பாட்டோடு, நெர்மீன் ஒரு சிவப்புக் குளிகையை விழுங்கினாள். குடலின் வேகத்தை அளக்க நோயாளிகளுக்குக் கொடுக்கும் சாயம் அது. விழுங்கி இத்தனை மணி நேரத்தில் மலம் சிவந்தால் குடல் சரியாக ஓடுகிறது என்று கணக்கு.

காலை ஒன்பது மணிக்கு ஆய்வுக்கூடத்தைத் திறந்தாள். மூன்றாவது குழாய் மாதுளைச் சாறுபோல் சிவந்திருந்தது.

பகலில் வஹீத் வந்தார். குழாயை அல்ல, தாளைத்தான் பார்த்தார்.

"பாரும்மா, மலை மலையா எழுதித் தள்ளுது. மூணு வருஷமா நீ எழுதாத ஆராய்ச்சிய உன் வயிறு எழுதுது."

"சார், ஒரு நாள்ல சாக வேண்டியது. அந்த டாக்ஸிக்காரர்..."

"மனுஷன்னா சாவான். ஆமா, இது ஏன் செவப்பா இருக்கு?"

"சாயம் பட்டிருச்சு சார்."

"கரைசல மாத்து. அது நின்னா உன் பட்டமும் நின்னுரும். பெருநாள் லீவுலயும் நீதான் வந்து சிலிண்டர் மாத்தணும். மாப்பிள்ளையக் கூட்டிட்டு வாயேன், காட்டலாம். பொண்ணோட உள்ளழகப் பாத்த மாப்பிள்ளை எவன் இருக்கான்?"

ஐந்து மணிக்குள் எல்லோரும் போய்விட்டார்கள். நோன்பு திறப்பதற்கு முந்தைய அந்தக் கடைசி மணி நேரத்தில் ஊர் எப்போதும் காலியாகிவிடும். டிராம் வண்டி கடைசி ஆளையும் இறக்கிவிட்டு விளக்கு மட்டும் எரிய நின்றது, கடை ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கிய சத்தம் தெருமுனை வரை போய்த் தேய்ந்தது, எங்கிருந்தோ வெங்காயம் வதங்கும் வாசனை உப்புக்காற்றோடு கலந்து ஜன்னல் இடுக்கில் நுழைந்தது. அறைக்குள் குமிழ்கள் வெடிக்கும் மெல்லிய சத்தம். அதற்குமேல் இரண்டு பேனாக்களும் தாளைக் கீறும் சத்தம். வாசனை உள்ளே வந்ததும் கீறல் வேகமானது. ஜன்னலைச் சாத்தினாள். குறைந்தது. திறந்தாள். மறுபடி வேகமானது.

வெங்காய வாசனை அவளை ஒன்றும் செய்யவில்லை. நாற்பத்தோரு நாளாக எந்த வாசனையும் அவளை ஒன்றும் செய்ததில்லை.

கைப்பேசி அடித்தது. இன்ஸாஃப். ஒரு வாரமாக மருத்துவமனையில் கிடந்தாள்.

"என்ன டாக்டரு, என் பழைய தொப்பை சௌக்கியமா?" குரல் காகிதம்போல் இருந்தது.

"இருக்குக்கா. நீங்க எப்படி இருக்கீங்க?"

"எப்படி இருக்கேன்? குளுக்கோஸ் ஏத்துறாங்க, அது எங்க போகுதுன்னு அவங்களுக்கே தெரியல. என் தங்கச்சி ஸொஹைர் ஒரு பானை நிறைய, அடியில ஆட்டெலும்பு போட்டு, திராட்சை இலைல சோறு சுருட்டிக் கொண்டாந்திருக்கா. பாத்தா கூழாங்கல்லாட்டம் இருக்கு. டாக்டருங்க ரெண்டு நாள்னு என் புருஷன்கிட்ட சொன்னது என் காதுல விழுந்துச்சு. நீ அங்கதானே இருக்க, என் வயித்துகிட்ட கேளேன் கண்ணு, என்னதான் வேணுமாம் அதுக்கு?"

நெர்மீன் கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தாள்.

கீற்று தின்கிறது. அதன் சொந்தக்காரி தேய்கிறாள். இதில் நெர்மீனுக்குச் சந்தேகமில்லை. கீற்றைக் கொன்றால் தின்பது நிற்கலாம். அல்லது, டாக்ஸிக்காரரைப்போல, கீற்றோடு ஆளும் போகலாம். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. தன்னுடையதை வைத்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. இன்ஸாஃபுடையதை வைத்துப் பார்க்கத் தைரியம் தேவைப்படவில்லை. எப்படியும் இரண்டு நாள்தானே.

"பேசிட்டே இருங்கக்கா" என்றாள். இரண்டாவது குழாய்க்கு ஆக்சிஜன் போகும் திருகைப் பிடித்து மூடினாள்.

குமிழ்கள் நின்றன. இன்ஸாஃப் பேருந்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள். ஒருவன் அவளுடைய தலைமுக்காட்டில் மிட்டாயை ஒட்டிவிட்டானாம். நெர்மீன் கேட்கவில்லை. குரல் தேய்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று மட்டும் கவனித்தாள். பேனா உயரமாக ஒரு மலை போட்டது. பிறகு சின்னதாக ஒன்று. ஒன்பதாம் நிமிடம் கோடு படுத்தது.

மறுமுனையில் பேச்சு நின்றது.

"அக்கா?"

கைப்பேசியிடம் குனிந்தாள்.

"இன்ஸாஃபக்கா?"

"நெர்மீன்..." குரல் நடுங்கியது. "எனக்குப் பசிக்குது." அழுதாள். சிரித்தாள். "அடியே ஸொஹைர், அந்தப் பானைய இங்க தள்ளு! பசிக்குதுடி! யா ரப்பு, எவ்வளவு நாளாச்சு!"

தூரத்தில் நோன்பு திறக்கச் சொல்லும் பீரங்கி முழங்கியது. பாங்கு எழுந்தது. நெர்மீன் சுவரில் சாய்ந்தாள். இன்ஸாஃப் பிழைத்துவிட்டாள். அப்படியானால் தானும் பிழைக்கலாம். பட்டம் போனால் போகட்டும். மூன்றாவது திருகை மூடினாள். துரு அவள் உள்ளங்கையில் தூளாக ஒட்டியது.

கீழிருந்து காவலாளி ஸாபிரின் குரல் மாடிப்படியில் ஏறி வந்தது. "டாக்டரம்மா! நோன்பு திறக்க வாங்க! பருப்பு சூப் ஆறுது!"

"வரேன் ஹாஜி!"

கைப்பேசியில் இன்ஸாஃப் தின்றுகொண்டிருந்தாள். ஈரமான சத்தம். மூச்சு விடாத சத்தம்.

"மெதுவாக்கா" என்றாள் தங்கை. "வயித்துல தையல் இருக்கு. அரை கப்புக்கு மேல ஆகாதுன்னாங்கல்ல?"

சத்தம் நிற்கவில்லை.

"அக்கா போதும். அக்கா... பானை காலிக்கா. அக்கா அது எலும்பு!" பாத்திரம் உருண்டது. "விடு! அது என் கை! என் கைக்கா!"

நெர்மீன் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றாள்.

நனைந்த துணியைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. நீளமாக. பின்கள் ஒவ்வொன்றாக விடுபடும் சத்தம். தங்கை அலறினாள். அந்த அலறலுக்கு அடியில், இன்னும், மெல்லும் சத்தம்.

நாற்பத்தோரு நாள் பசி. அது எங்கேயும் போயிருக்கவில்லை. குழாயில் சேர்ந்துகொண்டே இருந்தது. இப்போது வீடு திரும்பியிருக்கிறது. அரை கப் கொள்ளும் வீட்டுக்கு.

அவள் பாய்ந்து மூன்றாவது திருகைத் திருப்பித் திறக்கப் பார்த்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் திருப்பினாள். துருப்பிடித்த கழுத்து உடைந்து திருகு கையோடு வந்தது.

பேனா ஒரு மலை போட்டது.

சின்னதாக ஒன்று.

கோடு படுத்தது.

முதலில் வாயில் நீர் ஊறியது. எவ்வளவு சுகமாக இருந்தது. வெங்காயம் மணத்தது. கீழே சூப்பில் போட்ட சீரகம் மணத்தது. மெழுகுத்தாள் மணத்தது. தன் கையின் வியர்வை மணத்தது.

பிறகு வயிறு அவளை மடக்கியது.

ஓடு. இல்லை, வெளியே போகாதே. கதவைப் பூட்டு. பூட்டினாள். சாவியை ஜன்னல் வழியாக எறிந்தாள். இங்கே தின்ன ஒன்றுமில்லை. நல்லது. இங்கே ஒன்றுமில்லை.

மூலையில் குளிர்பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. காலையில் வந்த வாளி அதற்குள் இருந்தது. பத்துப் பேர். ஒவ்வொரு பையிலும் பெயர், வயது, தேதி.

பார்க்காதே.

முகத்தைத் திருப்பினாள். எதிரே மூன்றாவது குழாய். கட்டைவிரல் பருமன். வெதுவெதுப்பாக. அது அவளுடையதுதானே. யாருடையதும் இல்லையே.

நூலை அறுத்தாள்.

உப்பாக இருந்தது. மெல்லவில்லை. விழுங்கினாள். உள்ளே, விலாவுக்குக் கீழே, முதல் பின் விடுபட்டது. சின்ன சத்தம். சட்டைப் பொத்தான் தெறிப்பதுபோல். வலித்தது. வலியைவிடப் பசித்தது.

கதவு தட்டப்பட்டது.

"டாக்டரம்மா? சூப்ப மேலயே கொண்டாந்துட்டேன். ஏன் பூட்டிருக்கீங்க?" ஸாபிர் கதவில் காதை வைத்தார் போலும். குரல் மிக அருகில் வந்தது. "உள்ளயே சாப்பிடுறீங்களா? சரி சரி, நல்லாச் சாப்பிடுங்க. எலும்பும் தோலுமா ஆயிட்டீங்க, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு."

குளிர்பெட்டிக் கதவு திறந்திருந்தது. அதன் வெளிச்சத்தில் நெர்மீன் மண்டியிட்டிருந்தாள். வாய் நிறைந்திருந்தது. கண்ணை மட்டும் உயர்த்தினாள்.

மூன்றாவது கொக்கியில் எதுவும் இல்லை. அறுந்த நூல் கரைசலில் மிதந்தது. தாள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் மூன்றாவது பேனா எழுந்து, தாளின் விளிம்பைத் தாண்டி, மரப்பலகையில் ஒரு மலை கீறியது.